எட்டு மண்டைப் பெட்டி

உள்ள வாம்மா. செருப்பு வெளியவே கிடக்கட்டும், ஒருத்தனும் எடுக்க மாட்டான். இந்த ரூமுக்குத் தூசி ஆகாது. உக்காரு. அந்தச் சீட்டுல இல்ல, அது ஆபரேட்டர் சீட்டு. இந்த ஸ்டூல்ல உக்காரு. டீ சொல்லியிருக்கேன், வந்துரும்.

வேலைக்கு ஆள் வேணும்னு போர்டு மாட்டி ஒரு மாசமாச்சு. வந்தது நீ ஒருத்திதான். வெளியூரு, அதான் வந்திருக்க. பஸ்ஸை விட்டு இறங்கி, "அழகுமலை கேபிள் ஆபீஸ் எங்க இருக்கு?"ன்னு கேட்டிருப்ப. அவனும் உன்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு வழி சொல்லியிருப்பான். ஆமாவா இல்லையா? சிரிக்கிற பாரு. அதான், ஊர்க்காரன் வாயால நீ கேட்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிப்புடறேன். உனக்கு முன்னாடி அந்தச் சீட்டுல இருந்தாளே தவமணின்னு ஒருத்தி, அவ எனக்கு என்ன பண்ணிட்டுப் போனான்னு. என் பக்கத்தையும் ஒரு ஆள் கேட்கணும்ல.

நான் படிச்சது அஞ்சாப்பு. அதுவும் ஒழுங்கா இல்ல. ஆனா சாமி காதைக் கொடுத்திருக்கு. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால ஒரு கம்ப்யூட்டர் பெட்டி நிக்குது பாரு, அதோட ஃபேன் சத்தத்தை வெச்சே எல்லாம் சொல்லிருவேன். ரீங்காரம் சீரா இருந்தா சேனல் நல்லா ஓடுதுன்னு அர்த்தம். மூச்சு வாங்குற மாதிரி ஏறி இறங்குச்சுன்னா, கொஞ்ச நேரத்துல ஊருக்குள்ள எவளோ ஒருத்தி டிவி மண்டையில தட்டப் போறான்னு அர்த்தம்.

நாம நடத்துறது பாட்டுச் சேனல் ஒண்ணு, பக்திச் சேனல் ஒண்ணு. அப்புறம் கோயில் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டமெல்லாம் நேரடியாக் காட்டுற லைவ் சேனல். எல்லாத்துக்கும் கீழ விளம்பர வரி ஓடும். அத்தனையும் அந்த ஒத்தப் பெட்டிதான் பார்க்குது. போன தைப் பொங்கலப்போ அது திக்க ஆரம்பிச்சிருச்சு. பாட்டு பாடுற பொம்பளை வாயைத் திறந்தபடி அப்படியே நிப்பா. ஜவுளிக்கடை விளம்பரம் பாதியில நின்னுக்கும். "என்ன அண்ணாச்சி, உங்க சேனல்ல அம்மனுக்கு அபிஷேகம் பண்ற அய்யரு தூக்கின கையை இறக்கவே மாட்டேங்கிறாரு"ன்னு டீக்கடையில கேலி பேசுவானுக.

மதுரையில இருந்து வேதமாணிக்கம்னு ஒரு இன்ஜினியரை வரவழைச்சேன். நல்ல பையன். வந்து உக்காந்து என்னமோ தட்டினான். திரையில எட்டுக் கட்டம் வந்துச்சு. ஒவ்வொண்ணுலயும் பச்சைக் கோடு குதிக்குது.

"அண்ணாச்சி, இந்தப் பெட்டிக்குள்ள எட்டு மண்டை இருக்கு. எட்டும் தனித்தனியா வேலை பார்க்கும்"னான்.

"ராவணனுக்கு ரெண்டு கம்மி"ன்னேன்.

சிரிச்சுட்டுச் சொன்னான். "எந்த வேலை எந்த மண்டைக்குன்னு பெட்டியே பங்கு வைக்குது. பாட்டுச் சேனல் இப்ப இந்த மண்டையில ஓடும், அடுத்த நிமிஷம் வேற மண்டைக்குத் தாவிரும். தாவுறப்ப, பழைய மண்டை கைக்குப் பக்கத்துல எடுத்து வெச்சிருந்த சாமானெல்லாம் அங்கயே தங்கிரும். புது மண்டை மறுபடி முதல்ல இருந்து தேடி எடுக்கணும். அந்த நேரத்துலதான் படம் திக்குது."

எனக்குச் சட்டுனு விளங்கிருச்சு. புரோட்டா மாஸ்டரைப் பாதி வேலையில எழுப்பி அடுத்த கடைக் கல்லுல நிறுத்தினா என்ன ஆவான்? உப்பு எங்க, எண்ணெய் எங்கன்னு தடவுவான். கல்லும் சூடு ஆறிரும். அதேதான். அஞ்சாப்பு படிச்சவனுக்கு விளங்குதா இல்லையா?

"அப்ப என்ன பண்ணணும்?"

"கட்டிப் போடணும். பாட்டு இந்த மண்டைக்கு, பக்தி அந்த மண்டைக்கு, லைவுக்கு மூணு மண்டை. அதது அங்கங்கேயே கிடக்கும், தாவாது. அந்த மண்டையில வேற வேலையும் ஏறாது." அப்படியே பண்ணினான். இன்னொண்ணும் பண்ணினான். வெளிய இருந்து பெட்டியைக் கூப்பிடுறது நிறைய இருக்காம். வயர்ல இருந்து, கீபோர்டுல இருந்து, நெட்டுல இருந்து. கதவைத் தட்டிக்கிட்டே இருக்குமாம். "அத்தனை தட்டலையும் கணக்குல முதல்ல வர்ற ஜீரோ மண்டைக்கே திருப்பி விட்டுட்டேன். மத்த மண்டைக்கு ஒரு தொந்தரவும் இருக்காது"ன்னான்.

ஃபேன் சத்தம் அப்படியே அடங்குச்சு பாரு. தாலாட்டுக்குத் தூங்குற பிள்ளை மாதிரி. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்திருச்சு.

கிளம்புறப்ப ஒண்ணு சொன்னான். "எல்லாத்தையும் கட்டிராதீங்க அண்ணாச்சி. கட்டிப் போட்ட வேலைக்கு அந்த மண்டையில முட்டிக்கிச்சுன்னா, பக்கத்து மண்டை சும்மா கிடந்தாலும் அது அங்க போக முடியாது. நின்ன இடத்துலயே நின்னு சாகும்." படிச்சவன் கிளம்புறப்ப ஏதாவது பயமுறுத்திட்டுத்தான் போவான். நான் அதைக் காதுல போட்டுக்கல.

அன்னைக்கு ராத்திரி படுத்துக் கிடந்து யோசிச்சேன். பெட்டிக்கு ஒரு நியாயம், ஆபீசுக்கு ஒரு நியாயமா? என் ஆபீஸ்ல அப்ப எப்படின்னா, எல்லாரும் எல்லாத்தையும் பார்ப்பாக. விளம்பரம் வாங்குற ஆவுடைத்தங்கம் வந்து தவமணி சீட்டுல உக்காந்து பட்டனைத் தட்டும். தவமணி போய் போன் எடுப்பா. கேமராப் பையன் கோட்டைச்சாமி டீ வாங்கிட்டு வருவான். ஒரே தாவல். சூடு எங்க நிக்கும்?

மறுநாள் எல்லாரையும் நிக்க வெச்சுச் சொல்லிட்டேன். "தவமணி, நீ இந்தச் சீட்டு. ஆவுடைத்தங்கம், நீ அந்த மேசை. உன் கை இந்தப் பட்டன்ல படக் கூடாது. கோட்டைச்சாமி, நான் காட்டுற இடத்தை விட்டுக் கேமரா திரும்பக் கூடாது. எல்லாரும் செல்லை என்கிட்டக் கொடுத்துருங்க. வீட்டுல இருந்து எது வந்தாலும் என் நம்பருக்கு வரட்டும். நான்தான் ஜீரோ மண்டை. தட்டுறவன் என்னைத் தட்டட்டும். உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்ல."

எவ்வளவு பெரிய சுமையை நான் தலையில வாங்கிக்கிட்டேன் பார்த்தியா?

தவமணியைப் பத்திச் சொல்லணும். கெட்டிக்காரி, அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். புருஷன் அய்யாத்துரை பருப்பு மில்லுல மூட்டை தூக்குறவன். அவ அப்பத்தான் பிள்ளை பெத்து, மூணு மாசத்துல வேலைக்குத் திரும்பியிருந்தா. வீடு ரெண்டு தெரு தள்ளி. பிள்ளை அழுதா மாமியாக்காரி போன் பண்ணும். இவ ஆவுடைத்தங்கத்தை உக்கார வெச்சுட்டு ஓடுவா, பால் கொடுத்துட்டு ஓடி வருவா. நானும் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன், ஒண்ணும் சொல்லல.

கட்டிப் போட்டதுக்குப் பிறகு அது நடக்குமா?

"அண்ணாச்சி, பிள்ளை பசிச்சு அழும். பத்து நிமிஷத்துல வந்துருவேன்."

"பத்து நிமிஷம் போயிட்டு வந்தா, விட்ட இடத்தைப் பிடிக்க இன்னொரு பத்து நிமிஷம் ஆகும்மா. இன்ஜினியர் சொன்னதைக் கேட்டேல்ல?"

"அது மிஷினுக்கு அண்ணாச்சி."

"நீ என்ன, மிஷினை விட மட்டமா?"ன்னேன். அவளை உசத்தித்தானே சொன்னேன்? அதுக்கு முகத்தை அப்படித் தூக்கி வெச்சுக்கிட்டா.

நான் சும்மா விடல. நானே கடைக்குப் போய்ப் பால்பவுடர் டின் வாங்கிட்டு வந்து கொடுத்தேன். பெரிய டின். படத்துல கொழுகொழுன்னு ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை சிரிக்குது. "இதைக் கொடு, உன் பிள்ளையும் இப்படி ஆயிரும்"னேன். எந்த முதலாளி செய்வான்? சொல்லு. அந்த டின்னைக் கையில வாங்காம மேசை மேலயே வெச்சிருந்தா, சாயங்காலம் வரைக்கும். அப்புறம் ஆவுடைத்தங்கம்தான் அவ பைக்குள்ள வெச்சு விட்டுச்சு.

முதல் வாரம் கஷ்டப்பட்டா, பொய் சொல்லக் கூடாது. நெஞ்சுல பால் கட்டிக்கிட்டு ஜாக்கெட் நனைஞ்சுரும். முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கிட்டு பட்டனைத் தட்டுவா. பாத்ரூம் போறேன்னு போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவா. எனக்குத்தான் காது இருக்கே. தண்ணிச் சத்தம் தனியா, அழுகைச் சத்தம் தனியாக் கேட்கும். கதவைத் தட்டி, "தாயி, தண்ணி வீணாப் போகுது"ன்னேன். உடனே நிறுத்திட்டா. ரெண்டையும். அவ்வளவு சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை.

அப்புறம் பழகிருச்சு. பால் வத்திப்போச்சுன்னு ஆவுடைத்தங்கம் வந்து சொல்லிச்சு. "அப்பாடா, இனிமே ஜாக்கெட் நனையாது"ன்னேன். அந்தப் பொம்பளை என்னை ஒரு பார்வை பார்த்துச்சு. இந்தப் பொம்பளைக பார்வையை மட்டும் எந்த இன்ஜினியரும் சரி பண்ண முடியாது.

பங்குனி வந்துச்சு. அம்மன் திருவிழா. மூணு நாளும் நம்ம சேனல்ல இலவசமா லைவ் காட்டுறோம்னு கமிட்டிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். பால்குடம் அன்னைக்குக் கோயில் வாசல் மேடையில எனக்குப் பொன்னாடை போத்துறதா ஏற்பாடு. இந்த ஊர்ல கம்பத்துல ஏறி வயர் கட்டினவன்மா நான். எனக்குப் பொன்னாடை.

அன்னைக்குக் காலையில தவமணி வர்றா. தலை கூடச் சீவல.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு ராத்திரி பூரா வயித்தால போகுது. எதைக் கொடுத்தாலும் கக்குது. இன்னைக்கு ஒரு நாள் ஆவுடைத்தங்கம் அக்கா உக்காரட்டும். அக்காவுக்கு எல்லாம் தெரியும்."

ஆவுடைத்தங்கமும் எந்திரிச்சு நின்னு, "நான் பார்த்துக்கிடுதேன் அண்ணாச்சி, அதை அனுப்புங்க. எனக்கு இன்னைக்கு மேசையில ஒரு வேலையும் இல்ல"ங்குது.

"வேலை இல்லைன்னா சும்மா உக்காரு. சும்மா இருக்கிற மண்டை சும்மாத்தான் இருக்கணும்"னேன். "திருவிழா அன்னைக்கு ஆளை மாத்தி ஊரு முன்னாடி படம் திக்குச்சுன்னா யாரு பதில் சொல்றது? தவமணி, உன் மாமியா இருக்கு, புருஷன் இருக்கான். ஏதாவதுன்னா எனக்குப் போன் பண்ணச் சொல்லு. நான் உனக்குச் சொல்ல மாட்டேனா?"

"சொல்லுவீங்கள்ல அண்ணாச்சி?"ன்னா.

"சொல்லுவேன்"னேன். உக்காந்துட்டா.

அன்னைக்கு மாதிரி ஒரு நாள் இந்தச் சேனல் ஓடினதே இல்ல. ரோடு நிறைய பால்குடம். ஒரு திக்கல் இல்ல, ஒரு தாவல் இல்ல. கோட்டைச்சாமிக்கு மேடையைத்தான் கட்டியிருந்தேன், கேமரா அங்க இங்க திரும்பல. உச்சி வெயில்ல கமிட்டித் தலைவர் என் பேரை மைக்குல கூப்பிடுறாரு. மேள தாளம் முழங்குது. பொன்னாடை தோள்ல விழுது. சரியா அப்ப பையில செல் துடிக்குது.

அய்யாத்துரை. "அண்ணாச்சி, ஆஸ்பத்திரியில இருக்கேன். மதுரைக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாங்க. பிள்ளை கண்ணு சொருகுது. ஆம்புலன்சைப் பிடிச்சு நிறுத்தி வெச்சிருக்கேன், உங்க ஆபீஸ் வழியாத்தான் போகணும். தவமணியை வாசலுக்கு அனுப்புங்க, ஏத்திக்கிட்டுப் போயிடுறேன்."

"சரி சரி, சொல்றேன். இப்ப அவ வேலையா இருக்கா. நீ நிக்காத, கிளம்பு"ன்னேன்.

நீயே சொல்லு. மேடையில நிக்கேன். கீழ அவ்வளவு சனம். பால்குடம் இன்னும் கோயிலுக்குள்ள போகல. அவளை எழுப்பினா லைவ் என்ன ஆகும்? அவ வந்துதான் என்ன பண்ணப் போறா, டாக்டரா? தட்டுறது யாரு, எது இப்பப் போகணும், எது அப்புறம் போகணும்னு பார்க்கிறதுக்குத்தானே ஜீரோ மண்டை? மறுபடி ரெண்டு தடவை துடிச்சுச்சு. சத்தத்தை நிறுத்திட்டேன்.

கடைசிக் குடம் உள்ள போனதும் நேரா ஆபீசுக்கு வந்தேன். பொன்னாடையைக் கூடக் கழட்டல. "தவமணி, பிரமாதம்மா. இனி நீ போகலாம். வீட்டுல இருந்து போன் வந்துச்சு, பிள்ளையை மதுரைக்குக் கொண்டு போயிருக்காங்களாம்"னேன்.

"எப்ப வந்துச்சு?"

"இப்பத்தான், மேடையில இருக்கிறப்ப."

மேடை எப்ப முடிஞ்சதுன்னு அவளுக்குத் தெரியாதா? அவதானே அந்தக் கேமராவைக் காட்டிக்கிட்டு இருந்தவ. செருப்புப் போடாம ஓடினா.

பிள்ளை திருமங்கலம் தாண்டலையாம். ஆம்புலன்சுலேயே முடிஞ்சு போச்சு. அஞ்சு மாசப் பிள்ளை. பேரு என்னமோ வெச்சிருந்தா, வாயில நுழையாத பேரு.

நான் மாலை வாங்கிட்டுப் போனேன். போகலைன்னு நினைக்காத. அந்தத் தெருவுல எவனும் எனக்கு உக்கார நாற்காலி போடல. நின்னுட்டு வந்தேன்.

மறுநாள் காலையில ஆபீஸைத் திறக்க வர்றேன், தவமணி வாசல்ல நிக்கிறா. எனக்கு மனசு குளிர்ந்து போச்சு. பார்த்தியா, கட்டுன்னா இது கட்டு. இவ்வளவு நடந்தும் காலு தானா இந்தச் சீட்டுக்கு வருது. "வாம்மா, வேலையில இருந்தா மனசு ஆறும்"னேன். உள்ள போய் உக்காந்தா. கொஞ்ச நேரம் பட்டன் சத்தம் கேட்டுச்சு. சீராத் தட்டினா, தடுமாற்றமே இல்ல. அப்புறம் எந்திரிச்சு, என்னைப் பார்க்காம, ஆவுடைத்தங்கத்தோட கையை மட்டும் ஒரு தடவை பிடிச்சிட்டுப் போயிட்டா.

பாட்டுச் சேனலைப் பார்த்தா நான் நிக்கிறேன்! மேடை, பொன்னாடை, மேளம். முடிஞ்சதும் மறுபடி முதல்ல இருந்து. மறுபடி. பாட்டையெல்லாம் நிறுத்திட்டு அதை மட்டும் ஓட விட்டிருக்கா. பிள்ளையைப் பறி கொடுத்த துக்கத்துலயும் நம்ம முதலாளிக்கு மரியாதை பண்ணியிருக்காளேன்னு நினைச்சேன். வீட்டுக்குப் போன் பண்ணி, "பாட்டுச் சேனலைப் போடுடி"ன்னேன். பஜார்ல இருக்கிற அரிசிக்கடைத் தம்புராஜுக்குப் போன் பண்ணி, "பார்த்தியாடே?"ன்னேன்.

"அண்ணாச்சி, அதை நிறுத்துங்க"ன்னான்.

"ஏன்டே, நல்லாத்தானே இருக்கு?"

"நீங்க போன் எடுக்கீங்க அதுல. கேட்கீங்க. பையில போட்டுட்டுச் சிரிக்கீங்க. அது அய்யாத்துரை போன்தான்னு ஊருக்கே தெரியும் அண்ணாச்சி. ஆஸ்பத்திரி வாசல்ல அவன் கத்திக்கிட்டு நின்னதை நூறு பேரு பார்த்திருக்கான்."

வெளிய எட்டிப் பார்த்தா டீக்கடை டிவி முன்னாடி கூட்டம். எவனும் டீ குடிக்கல.

"ஆவுடைத்தங்கம், அதை நிறுத்து"ன்னேன்.

அது இடத்தை விட்டு அசையல. "அந்தப் பட்டன்ல என் கை படக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க அண்ணாச்சி."

"இப்ப நான்தான் சொல்றேன், நிறுத்து!"

"என் மண்டை வேறல்லா"ன்னு சொல்லிட்டு, மேசையைத் துடைச்சுச்சு. அன்னைக்குச் சாயங்காலமே அதுவும் வேலையை விட்டு நின்னுக்கிச்சு.

வேதமாணிக்கத்துக்குப் போன் போட்டேன். வெளியூர்ல இருக்கான், ரெண்டு நாள் ஆகும்ங்கிறான். "சும்மா கிடந்த மண்டை ஒண்ணுல தனியாக் கட்டி விட்டிருக்கா அண்ணாச்சி. மத்த எதையும் அது தொந்தரவு பண்ணாது. அதை மட்டும் நிறுத்த உங்களுக்குத் தெரியாது, மெயினை அணைச்சிருங்க"ன்னான். மெயினை அணைச்சா லைவும் போயிருமே! அன்னைக்குத் தேரு. கமிட்டிக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். அணைக்கல. இந்தப் பக்கம் தேர் போகுது, அந்தப் பக்கம் நான் சிரிக்கிறேன். ரெண்டு நாள். ஒரு திக்கல் இல்ல.

தவமணிக்குப் போன் பண்ணாம இருப்பேனா? அய்யாத்துரைதான் எடுத்தான். "அவ வேலையா இருக்கா. அப்புறம் சொல்றேன்"னு வெச்சுட்டான். எவ்வளவு திமிரு பாரு. வீட்டுல சும்மா கிடக்கிறவளுக்கு என்ன வேலை?

அதுக்கப்புறம்தான் ஊர்க்காரன் ஒவ்வொருத்தனா நம்ம கேபிள் வயரை அறுத்து விட ஆரம்பிச்சான். மாடிக்கு மாடி டிஷ் வெச்சிட்டான். எத்தனை வருஷமாப் பழகினவன், கண்ணை எடுத்துக்கூடப் பார்க்காம அறுக்கிறான். நான் என்னம்மா பண்ணினேன்? யாரையாவது அடிச்சேனா? பிள்ளை செத்ததுக்கு நானா காரணம்? என் சேனல்ல, என் கரண்டுல, என் பெட்டியில என்னையே போட்டு அசிங்கப்படுத்தினாளே, அதைக் கேட்க ஊருல ஒரு நாதி இல்ல.

வேதமாணிக்கம் வந்து ஒரு தட்டுல நிறுத்திட்டான். "மொத்தமா அழிச்சிரட்டுமா அண்ணாச்சி?"ன்னு கேட்டான். கொஞ்சம் பொறுன்னு சொல்லிட்டேன். யோசிச்சுப் பாரு, எனக்குப் பொன்னாடை போத்துனதுக்கு இருக்கிற ஒரே படம் அதுதான். இனி எவன் போத்தப் போறான்? தனியா எடுத்து வெச்சுக் கொடுன்னு வாங்கி வெச்சிருக்கேன். அவன் கூலி கூட வாங்கிக்காமப் போயிட்டான், நல்ல பையன்.

இந்தா, நீயே பாரு. இப்படித் திரும்பி உக்காரு, வெளிச்சம் அடிக்கும். அதோ, அவருதான் கமிட்டித் தலைவர். அந்தச் சரிகை எப்படி மின்னுது பாரு. தவமணி இந்த இடத்துல கிட்டக்க காட்டியிருக்கா, கெட்டிக்காரி. இப்ப வரும் பாரு போன். எடுக்கிறேன். கேட்கிறேன். முகத்துல ஏதாவது தெரியுதா? கீழ அவ்வளவு சனம் நிக்குது, ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியல. அந்த நிதானம் எத்தனை பேருக்கு வரும்? இந்தா, பையில போடுறேன். இப்பச் சிரிக்கிறேன் பாரு.

ஏம்மா, எந்திரிச்சிட்ட? இரு, இன்னும் மாலை போடுறது இருக்கு.